ஒரே அரங்கம், இரண்டு பிளேஆஃப்: ஒரு ஹாக்கி ரசிகன் பார்த்தது

டொராண்டோ நகரின் நடுவில் ஸ்கோஷியாபேங்க் அரீனா என்றொரு அரங்கம் இருக்கிறது. மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியும் ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியும் ஆடுவது அங்கேதான். இரண்டு அணியும் பிளேஆஃபுக்குள், அதாவது சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளுக்குள், நுழைந்துவிட்டால் ஏப்ரலில் அந்த அரங்கத்துக்கு ஓய்வே கிடையாது. 2019-இல் ஏப்ரல் 15 திங்கட்கிழமை ஹாக்கி, செவ்வாய் கூடைப்பந்து, புதன் மறுபடியும் ஹாக்கி. இடையில் ஐஸை யாரும் உருக்குவதில்லை. குளிர் மேலே ஏறாதபடி அதன்மேல் பலகைகளைப் பரப்பி, அதற்கும் மேலே மரத்தளத்தைத் துண்டு துண்டாகக் கோத்துவிடுகிறார்கள். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ராப்டர்ஸ் வீரர்கள் ஓடுகிற மரத்துக்குச் சில அங்குலம் கீழேயே லீஃப்ஸின் ஐஸ் கிடக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் இரண்டு லீகும் ஒன்றுபோலத்தான் இருக்கும். என்எச்எல் (ஹாக்கி), என்பிஏ (கூடைப்பந்து) இரண்டிலும் ஒவ்வோர் அணிக்கும் சீசனில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டம். இரண்டிலும் 16 அணிகள் பிளேஆஃப் ஆடுகின்றன. நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர், முதலில் நான்கு ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஆக, கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும். இரண்டும் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூனில் முடிகின்றன.

நான் ஹாக்கிக்காரன், அதிலும் லீஃப்ஸ் ரசிகன். 1967-க்கு அப்புறம் என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையைத் தொடாத அணி அது. இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. 2019 முதல் கூடைப்பந்து பிளேஆஃபையும் சேர்த்தே பார்க்கிறேன். இத்தனை வருடம் பார்த்ததில் ஒன்று எனக்குத் தெளிவாகிவிட்டது. கூடைப்பந்து பிளேஆஃப் எந்த அணி சிறந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறது. ஹாக்கி பிளேஆஃப் அந்த உறுதியைத் தருவதில்லை. அந்த இரண்டு மாதத்தைத் தாங்கி நின்றது யார் என்று மட்டும் காட்டுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஒன்றைப் பார்க்கிற கண்ணோடு மற்றதைப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

சும்மா சொல்லவில்லை. அதே 2019 வசந்தத்தையே எடுத்துக்கொள்வோம். என்பிஏ முதல் சுற்றில் எட்டுத் தொடர்கள். எட்டிலும் தரவரிசையில் மேலே இருந்த அணியே ஜெயித்தது. என்எச்எல்லில் நான்கு டிவிஷன்களிலும் (லீகின் பிரிவுகள்) முதலிடம் பிடித்த நான்கு அணிகளும் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போயின. அதில் ஒன்று டாம்பா பே லைட்னிங். சீசனில் 62 வெற்றி, 128 புள்ளி. அந்த வருடம் அவர்களுக்குப் பக்கத்தில்கூட யாரும் இல்லை. கடைசி நேரத்தில் தட்டுத்தடுமாறி உள்ளே வந்த கொலம்பஸ், அவர்களை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவிடாமல் நான்கே ஆட்டத்தில் அனுப்பிவிட்டது. 2023-இல் பாஸ்டன் புரூயின்ஸ் 65 வெற்றி, 135 புள்ளி என்று சாதனை படைத்துவிட்டு வந்து, தொடரில் 3-1 என முன்னிலையில் இருந்தும் ஃப்ளோரிடாவிடம் தோற்றது. 2012-இல் மேற்குப் பாதியில் எட்டாவது, அதாவது கடைசி அணியாக உள்ளே நுழைந்த லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் கோப்பையையே தூக்கியது. என்பிஏவில் எட்டாவது அணி சாம்பியன் ஆனதே இல்லை. 1995-இல் ஆறாவது இடத்திலிருந்து ஜெயித்த ஹூஸ்டன் ராக்கெட்ஸ்தான் எல்லை.

இதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் சுமார் 100 முறை பந்து கைக்கு வருகிறது. ஹாக்கியில் ஓர் அணி கோலை நோக்கி அடிப்பது சுமார் 30 ஷாட், அதில் உள்ளே போவது மூன்று. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழலாம், நூறு முறை சுண்டினால் எழுபது விழாது, அவ்வளவுதான் விஷயம். கூடைப்பந்தில் அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்தாலும் நூறு வாய்ப்பில் அது கரைந்துபோய்விடும். ஹாக்கியில் ஒரு பக் (அடித்து ஆடும் ரப்பர் வட்டு), யாரோ ஒருவரின் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பினால் தொடரே திரும்பிவிடும்.

இன்னொன்று, யார் எவ்வளவு நேரம் ஆடுகிறார் என்பது. 2019 பிளேஆஃபில் ராப்டர்ஸின் நட்சத்திரம் காவாய் லெனர்ட் 48 நிமிட ஆட்டத்தில் சராசரியாக 39 நிமிடம் களத்தில் இருந்தார். ஐந்து பேரில் ஒருவர், அதுவும் ஆட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கு நேரம். ஹாக்கியில் எவ்வளவு பெரிய ஃபார்வர்டாக இருந்தாலும் 60 நிமிடத்தில் 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் கிடைக்கும். முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு பெஞ்சுக்கு வந்து மூச்சு வாங்குவார்கள். அதனால் ஒரே ஒரு நட்சத்திரம் அணியைச் சுமக்க முடியாது. சுமக்கக்கூடியவர் ஒருவர்தான், கோலி, அதாவது கோல் காப்பவர். அவர் மட்டும்தான் முழு ஆட்டமும் நிற்கிறார்.

அலுவலகத்தில் வருடாவருடம் பிளேஆஃப் கணிப்புப் போட்டி வைப்பார்கள். அதில் நான் கடைப்பிடிப்பது இதுதான். என்பிஏ கட்டத்தில் முதல் சுற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மேலே உள்ள அணிகளையே எழுதிவிடுவேன். ஒன்றிரண்டு தப்பினாலும் மோசம் போகாது. என்எச்எல் கட்டத்தில் அணியின் புள்ளியைப் பார்க்க மாட்டேன். கடைசி இரண்டு மாதத்தில் அந்த அணியின் கோலி எப்படி ஆடியிருக்கிறார் என்று பார்ப்பேன். அப்படிப் பார்த்தும் பாதிதான் தேறும், அது ஹாக்கியின் குணம்.

சரி, நான் கூடைப்பந்துக்குள் வந்த கதைக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 23. லீஃப்ஸுக்கு பாஸ்டனில் ஏழாவது ஆட்டம். அதே இரவு ராப்டர்ஸுக்கு டொராண்டோவில் ஆர்லாண்டோவுடன் ஐந்தாவது ஆட்டம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டு அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், ராப்டர்ஸ் 1995-இல் தொடங்கிய நாளிலிருந்து ரசிகர். அன்று அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் டிவியில் ராப்டர்ஸ், என் மடியில் இருந்த லேப்டாப்பில் லீஃப்ஸ். ராப்டர்ஸ் 115-96 என்று ஜெயித்துத் தொடரை முடித்தது. லீஃப்ஸ் 5-1 என்று தோற்றது. அதற்கு முந்தைய வருடமும் இதே பாஸ்டன், இதே ஏழாவது ஆட்டம். 2013-இல் 4-1 என்று மூன்றாவது, அதாவது கடைசிப் பீரியடில் முன்னால் இருந்துவிட்டுத் தோற்றதும் இதே பாஸ்டனிடம்தான். நான் லேப்டாப்பை மூடியதும் அண்ணன் சொன்னார்: "தம்பி, அவங்கள் போயிட்டாங்கள். இனி ஜூன் மட்டும் எங்களோட இருந்து பாருங்கோ." இருந்து பார்த்தேன்.

முதலில் பொறுமை போனது கடைசி இரண்டு நிமிடத்தில். ஹாக்கியில் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு ஒரே ஒரு டைம்அவுட். கூடைப்பந்தில் ஃபவுல், ஃப்ரீ த்ரோ, டைம்அவுட், ரீப்ளே என்று இரண்டு நிமிடம் கால் மணி நேரமாக நீளும். அண்ணன்தான் அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். "டைம்அவுட் முடிஞ்சு வரேக்க ஆர் ஆரைப் பிடிக்கிறாங்கள் எண்டு பாருங்கோ, பந்தைப் பாக்காதேங்கோ" என்பார். அப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகு, ஒரு தொடர் முழுக்க இரண்டு பயிற்சியாளர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது.

மில்வாக்கி தொடர் அதற்கு நல்ல உதாரணம். ராப்டர்ஸ் முதல் இரண்டு ஆட்டமும் தோற்றுவிட்டது. மூன்றாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் நிக் நர்ஸ், மில்வாக்கியின் நட்சத்திரம் யானிஸ் அண்டெட்டகூன்போவைத் தடுக்கும் பொறுப்பை காவாயிடம் கொடுத்தார். அந்த ஆட்டம் இரண்டு ஓவர்டைம் போனது. காவாய் 52 நிமிடம் ஆடினார். அதிலிருந்து யானிஸுக்கு வழி அடைபட்டது, மில்வாக்கி வேறு வழி தேடித் திணறியது. நடுவில் ராப்டர்ஸ் வீரர் ஃப்ரெட் வான்வ்லீட்டுக்கு மகன் பிறந்தான்; அதன் பிறகு வந்த மூன்று ஆட்டத்தில் அவர் எறிந்த 17 த்ரீ பாயிண்டரில் 14 உள்ளே விழுந்தன. ராப்டர்ஸ் தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்து இறுதிச் சுற்றுக்குப் போனது. ஹாக்கியில் ஒரு தொடர் இப்படித் திரும்பினால் பெரும்பாலும் கோலிதான் காரணமாக இருப்பார், அல்லது காரணமே சொல்ல முடியாது. இங்கே காரணம் கண்ணெதிரே இருந்தது. அது எனக்குப் புதிய சந்தோஷம், இன்றும் கூடைப்பந்தை அதற்காகவே பார்க்கிறேன்.

ஹாக்கி மாதிரியே ஒரு தருணமும் அந்த வருடம் கூடைப்பந்தில் கிடைத்தது. மே 12, ஃபிலடெல்ஃபியாவுடன் ஏழாவது ஆட்டம், 90-90. ஃபிலடெல்ஃபியா வீரர் ஜோயல் எம்பீடின் நீட்டிய கைக்கு மேலே, வலது மூலையிலிருந்து காவாய் எறிந்தார். மணி அடித்துவிட்டது. பந்து வளையத்தின்மேல் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. என்பிஏ வரலாற்றில் ஏழாவது ஆட்டத்தைக் கடைசி நொடியில் முடித்த முதல் ஷாட் அது. அதாவது, அத்தனை வருட வரலாற்றில் முதல் முறை! ஹாக்கியில் ஏழாவது ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனால் ஒவ்வொன்றும் இப்படித்தான் ஒரே அடியில் முடியும்.

ஓவர்டைம் பற்றிச் சொல்லாமல் ஹாக்கியைச் சொல்ல முடியாது. சீசனில் சமநிலை என்றால் மூன்றுக்கு மூன்று பேராக ஐந்து நிமிடம், அப்புறம் ஷூட்அவுட் (ஒவ்வொருவராக வந்து கோலியை எதிர்த்து அடிப்பது). பிளேஆஃபில் அதெல்லாம் கிடையாது. முழு அணியோடு 20 நிமிட பீரியட். யார் முதலில் கோல் போட்டாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. யாரும் போடாவிட்டால் இன்னொரு 20 நிமிடம், அப்புறம் இன்னொன்று. 2020 ஆகஸ்ட் 11 அன்று, கோவிட் காரணமாக ரசிகர்களே இல்லாத இதே டொராண்டோ அரங்கத்தில் டாம்பாவும் கொலம்பஸும் மோதிய ஆட்டம் ஐந்தாவது ஓவர்டைமில்தான் முடிந்தது. மதியம் மூன்று மணிக்குத் தொடங்கியது ராத்திரி ஒன்பதைத் தாண்டியது. கொலம்பஸ் கோலி யோனாஸ் கோர்பிசாலோ 85 ஷாட் தடுத்தார், என்எச்எல்லில் அதுதான் சாதனை. 85 தடுத்தும் தோற்றார். அன்று இரவு அதே ஐஸில் நடக்கவேண்டிய பாஸ்டன்-கரோலினா ஆட்டத்தை மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்தார்கள். டாம்பா அந்த வருடம் கோப்பையை வென்றது. முந்தைய வருடம் நான்கே ஆட்டத்தில் போன அதே அணி, அதே கொலம்பஸைத் தாண்டி.

இதில் நடைமுறை விஷயமும் இருக்கிறது. கூடைப்பந்து ஆட்டம் இரண்டரை மணி நேரம் என்று கணக்குப் போட்டு உட்காரலாம். ஓவர்டைம் வந்தாலும் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்தான். ஹாக்கி பிளேஆஃப் இரவில் மறுநாள் காலை எட்டு மணிக்கு மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். மேற்குக் கடற்கரை ஆட்டங்கள் நமக்கு இரவு பத்து மணிக்குத்தான் தொடங்கும். அதில் ஓவர்டைம் வந்தால் விடிந்துவிடும். எனக்குப் பிடித்த அணி ஆடாத நாட்களில் பத்து மணி ஆட்டத்தை முதல் பீரியட் மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவேன். ஏழாவது ஆட்டம் என்றால் யார் ஆடினாலும் உட்கார்ந்துவிடுவேன், அதில் சமரசம் இல்லை.

ஓவர்டைம் ஒரே அடியில் முடிவது எவ்வளவு கொடுமை என்று 2024 மே 4 அன்று லீஃப்ஸ் ரசிகர்கள் எல்லாரும் பார்த்தோம். மறுபடியும் பாஸ்டன், மறுபடியும் ஏழாவது ஆட்டம், 1-1. ஓவர்டைம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாஸ்டனின் லிண்ட்ஹோம் பக்கை எங்கள் பக்கத்துப் பலகையை நோக்கி அடித்துவிட்டார். அது பலகையில் பட்டு, கோலுக்கு முன்னால் திரும்பி வந்தது. பாஸ்டர்னாக் ஓடிவந்து கோலியை ஏமாற்றிவிட்டு உள்ளே தள்ளினார். பலகையில் பட்ட பக் ஒரு கை அகலம் தள்ளித் திரும்பியிருந்தால் எங்கள் வீரர் ஒருவர் எடுத்திருப்பார். இந்த வலி இருப்பதால்தான் 2023 ஏப்ரல் 29 அன்று டாம்பாவில் எங்கள் ஜான் டவாரஸ் ஓவர்டைம் கோல் போட்டு, 2004-க்குப் பிறகு முதல் முறையாக லீஃப்ஸை ஒரு சுற்று தாண்டவைத்தபோது, எங்கள் தெருவில் அந்த ராத்திரி நேரத்தில் ஆட்கள் வாசலுக்கு வந்து கத்தினார்கள். ஒரு முதல் சுற்று வெற்றிக்கு!

எப்போது நம்பிக்கையை விடலாம் என்று பலர் கேட்பார்கள். கூடைப்பந்தில் 0-3 என்று விழுந்த அணி எழுந்து தொடரை ஜெயித்ததே இல்லை. ஹாக்கியில் நான்கு முறை நடந்திருக்கிறது: 1942-இல் லீஃப்ஸ், 1975-இல் ஐலண்டர்ஸ், 2010-இல் ஃப்ளையர்ஸ், 2014-இல் கிங்ஸ். 2024 இறுதிச் சுற்றில் எட்மன்டன் ஆயிலர்ஸ் 0-3-இலிருந்து 3-3 வரை வந்து, கடைசி ஆட்டத்தில் 2-1 என்று தோற்றது. அதனால் ஹாக்கியில் நாலாவது தோல்வி வரை டிவியை அணைக்காதீர்கள். கூடைப்பந்தில் முதல் ஆட்டத்தைத் தோற்றதற்காகப் பதற வேண்டாம். 2019-இல் ஆர்லாண்டோவிடம் ராப்டர்ஸ் முதல் ஆட்டத்தை டொராண்டோவிலேயே தோற்றது. ராப்டர்ஸின் கைல் லோரி அன்று ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அடுத்த நான்கையும் ஜெயித்தார்கள்.

ஹாக்கி ரசிகர்கள் அடிக்கடி சொல்கிற ஒரு பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை: "கூடைப்பந்துக்காரர்கள் மென்மையானவர்கள், சின்ன வலிக்கே உட்கார்ந்துவிடுவார்கள்." 2013 இறுதிச் சுற்றில் பாஸ்டனின் பட்ரீஸ் பெர்ஜரான் விலா எலும்பு முறிந்து, தோள் விலகி, நுரையீரலில் ஓட்டையோடு ஆடினார். ஹாக்கிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வோம். நானும் அந்த ஆளை, எங்களை அழவைத்தவர் என்றாலும், மனதார மதிக்கிறேன். ஆனால் அதை ஓர் அளவுகோலாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. 2019 சீசனில் காவாயை 60 ஆட்டம் மட்டும் ஆடவைத்து உடம்பைக் காப்பாற்றினார்கள். அதனால்தான் அவரால் மே மாதத்தில் 52 நிமிடம் ஓட முடிந்தது. அந்த 2019 இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணி கோல்டன் ஸ்டேட்டின் கெவின் டுரான்ட் கெண்டைக்கால் காயத்திலிருந்து திரும்பி வந்து ஆடினார், இரண்டாவது குவார்ட்டரில் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். டொராண்டோ கூட்டத்தில் ஒரு பகுதி கைதட்டியது. எனக்கு உடம்பு கூசியது. ராப்டர்ஸ் வீரர்கள் லோரியும் இபாக்காவும் கூட்டத்தைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். சத்தம் அடங்கியது, அவர் வெளியே போகும்போது எழுந்து நின்று கைதட்டினார்கள். வீரர்களின் உடம்பைப் பற்றி ரசிகர்கள் லேசாகப் பேசக் கூடாது என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான். ஹாக்கியில் எனக்கு மிகவும் பிடித்தது அடிதடி முடிந்த பிறகு நடப்பது: தொடர் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார்கள். குழந்தைகளோடு பார்த்தால் அதுவரை காத்திருந்து காட்டுங்கள்.

குழந்தைகள் என்றதும் ஒன்று. எங்கள் பகுதியில் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் கூடைப்பந்துதான் ஆடுகிறார்கள், காரணம் செலவு. வீட்டு முன்னால் ஒரு வளையம், ஒரு பந்து, போதும். ஹாக்கிக்கு ஸ்கேட், ஸ்டிக், ஹெல்மெட், பேட் என்று தலை முதல் கால் வரை வாங்க வேண்டும், பிள்ளை வளர வளர மறுபடி வாங்க வேண்டும். விடிவதற்கு முன் ரிங்குக்குக் கூட்டிப்போக வேண்டும். அதனால் ஹாக்கி பல பிள்ளைகளுக்கு டிவியில் மட்டும் இருக்கும் விளையாட்டாகிவிடுகிறது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆடாவிட்டாலும் பார்க்கவாவது கற்றுக்கொடுக்கலாம். பக்கைத் துரத்திக் கண்ணை ஓட்டாமல், கோலுக்கு முன்னால் உள்ள இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். பக் தானாக அங்கே வரும். நேரில் போனால் கண்ணாடிக்குப் பக்கத்து இருக்கைக்குப் பணம் கொட்ட வேண்டாம், மேல்தளத்தில் உட்கார்ந்தால்தான் ஐந்து பேரும் நகர்வது புரியும். கூடைப்பந்துக்கு மட்டும் முடிந்தவரை கீழே வாங்குங்கள். அந்த உயரமும் வேகமும் மேலிருந்து தெரியாது. பிளேஆஃப் டிக்கெட் விலை கட்டுப்படியாகாவிட்டால் அரங்கத்துக்கு வெளியே சதுக்கத்தில் பெரிய திரை வைப்பார்கள். 2019-இல் ராப்டர்ஸுக்காக அங்கே கூடிய கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன், மழையிலும்கூட.

அந்த ஜூனில் இரண்டு கோப்பையும் அடுத்தடுத்த இரவில் முடிந்தன. ஜூன் 12 அன்று பாஸ்டனில் செயின்ட் லூயிஸ் புளூஸ் ஏழாவது ஆட்டத்தை 4-1 என்று ஜெயித்தது. ஜனவரி 3 அன்று மொத்த லீகின் 31 அணிகளில் கடைசியில் இருந்த அணி அது. அந்த ஜனவரியில்தான் ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோலி முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்து இறக்கப்பட்டார். அங்கிருந்து எல்லாம் மாறியது. மறுநாள் ஓக்லாண்டில் ராப்டர்ஸ் 114-110 என்று கோல்டன் ஸ்டேட்டை வீழ்த்தியது. சீசனில் 58 வெற்றி பெற்று, ஆரம்பத்திலிருந்தே வலுவாக இருந்த அணி.

இரண்டு ஆட்டமும் ஒரே இரவில் வந்தால் நான் செய்வது: ஹாக்கி பெரிய திரையில், முதல் நிமிடத்திலிருந்து, ஏனென்றால் அந்த ஒரு கோல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கூடைப்பந்து ஃபோனில் சத்தமில்லாமல் ஓடும். நான்காவது குவார்ட்டரில் ஆறு நிமிடம் மிச்சமிருக்கும்போது வித்தியாசம் பத்துக்குள் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிவிடுவேன். அடுத்த வீட்டு அண்ணன் வந்திருந்தால் மட்டும் முதலிலிருந்தே கூடைப்பந்துக்குத்தான் பெரிய திரை.